காது கேளாதோர் கல்வியும் மிலான் மாநாடும் (1880)

மிலான் மாநாடு என்பது 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 6 முதல் 11 வரை இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் கூடிய இரண்டாவது அனைத்துலக மாநாடு ஆகும். காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியில் கற்பிப்பதைக் கைவிட்டு, பேச்சையும் உதட்டசைவைப் படிப்பதையும் மட்டுமே கொண்டு கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. வாக்களித்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவரே. மாநாட்டுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. எனினும் அடுத்து வந்த ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான காது கேளாதோர் பள்ளிகளின் நடைமுறையை அந்தத் தீர்மானமே நிர்ணயித்தது. இந்தியாவில் அத்தகைய பள்ளிகள் தோன்றியதும் அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான்.

கேள்வியும் கல்வியும்

படித்தவரைக் 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று தமிழில் சொல்வது வழக்கம். செவி வழியாகவே அறிவு வரும் என்ற எண்ணம் பல பண்பாடுகளில் உண்டு. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் அறிவு வளர்வதற்குக் கேட்கும் புலனே மிகுதியாக உதவுகிறது என்று கருதினார். பிறவியிலேயே காது கேளாதவருக்குக் கல்வி இயலாது என்ற முடிவுக்குப் பிற்கால ஐரோப்பா வர அவருடைய பெயரும் பயன்பட்டது. 6ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஜஸ்டினியனின் சட்டம் பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவருக்கு உயில் எழுதுவது முதலான உரிமைகளை மறுத்தது. பின்னாளில் கேட்கும் திறனை இழந்து, எழுத்தறிவு உள்ளவராக இருந்தவருக்கு அவ்வுரிமைகளை விட்டுவைத்தது.

எழுத்தறிவு இருந்தால் உரிமை உண்டு என்ற இந்த இடைவெளி வழியாகவே முதல் ஆசிரியர்கள் வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஓன்யா மடத்தைச் சேர்ந்த பெத்ரோ போன்ஸ் தெ லெயோன் என்னும் துறவி, வெலாஸ்கோ என்ற பிரபுக் குடும்பத்தின் காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் பேசவும் கற்பித்தார். அவர் 1584இல் இறந்தார். 1620இல் ஹுவான் பாப்லோ போனெட் இத்துறையில் ஒரு நூலை மாட்ரிட்டில் வெளியிட்டார். ஒரு கையின் விரல்களால் எழுத்துகளைக் காட்டும் முறையின் படங்கள் அதில் இருந்தன. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வழங்கும் விரலெழுத்துகள் அந்தப் படங்களுக்கு நெருக்கமானவை. ஆனால் இந்தக் கல்வி பணமும் பரம்பரைச் சொத்தும் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றது.

பாரிசில் ஒரு பள்ளி

ஏழைப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தவர் ஷார்ல் மிஷெல் த லெப்பே (1712–1789) என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். பாரிசில் காது கேளாத சகோதரிகள் இருவரை அவர் சந்தித்தார். அவர்களுக்குப் படங்களைக் கொண்டு பாடம் சொல்லிவந்த பாதிரியார் இறந்துவிட்டிருந்தார். சமயக் கல்வியே இல்லாமல் அந்தப் பெண்கள் வாழ்ந்து மடிவார்களே என்ற கவலையோடு லெப்பே அந்தப் பொறுப்பை ஏற்றார். 1760 வாக்கில் அவர் வீடே பள்ளி ஆயிற்று. கட்டணம் இல்லை. மாணவர்கள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதைக் கவனித்த அவர், அதையே கற்பிக்கும் ஊடகமாகக் கொண்டார். பாடம் நடத்துவதைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்றும் அனுமதித்தார். பிற நாடுகளிலிருந்து வந்து முறையைக் கற்றுச் சென்ற ஆசிரியர்கள் தங்கள் ஊர்களில் பள்ளிகளைத் தொடங்கினார்கள். லெப்பே இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1791இல், புரட்சிக் கால பிரெஞ்சு தேசிய சபை அந்தப் பள்ளியை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

லெப்பேயைச் சைகை மொழியைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வது இன்றும் பல நூல்களில் தொடரும் பிழை. அவர் காலத்திலேயே அதை மறுத்தவர் ஒருவர் இருந்தார். பாரிசில் புத்தகம் கட்டும் தொழில் செய்துவந்த பியேர் தெலோஜ் சிறு வயதில் நோயால் கேட்கும் திறனை இழந்தவர். 1779இல் அவர் வெளியிட்ட நூலில், நகரத்தின் காது கேளாத தொழிலாளர்களுக்குத் தங்களுக்கென ஒரு மொழி முன்பே உண்டு என்றும், எந்தப் பொருளைப் பற்றியும் அதில் பேச முடியும் என்றும் விளக்கினார். காது கேளாத ஒருவர் எழுதி அச்சான முதல் நூல்களுள் இதுவும் ஒன்று. லெப்பே செய்தது வேறு. அந்த மொழியின் சைகைகளை எடுத்து, பிரெஞ்சு இலக்கணத்தின் விகுதிகளுக்கும் காலங்களுக்கும் புதுச் சைகைகள் சேர்த்து, பிரெஞ்சு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் ஒரு செயற்கை முறையை உருவாக்கினார். அது மிகவும் சுமையான முறை. மாணவர்கள் நீண்ட வாக்கியங்களைப் பிழையின்றி எழுதுவார்கள். பொருள் புரியாமல் இருப்பார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைக் கைவிட்டு, மாணவர்களின் இயல்பான சைகை மொழிக்கே திரும்பினார்கள்.

அப்பள்ளியின் பெரும் விளைவு அதன் மாணவர்களே ஆசிரியர்கள் ஆனது எனலாம். மாசியூ, கிளெர், பெர்த்தியே ஆகிய காது கேளாத ஆசிரியர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிசில் அறியப்பட்ட மனிதர்கள். பெர்த்தியே நூல்கள் எழுதினார். 1838இல் காது கேளாதோருக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தார்.

பேச்சு முறையினர்

அதே காலத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. 1778இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, ஒலியோடு கூடிய பேச்சு இல்லாமல் சிந்தனை இல்லை என்று நம்பினார். அவரும் லெப்பேயும் கடிதங்களில் கடுமையாக வாதிட்டுக்கொண்டார்கள். எடின்பரோவில் 1760 முதல் பள்ளி நடத்திய தாமஸ் பிரெய்ட்வுட் குடும்பமும் பேச்சுக்கே முதலிடம் தந்தது. கட்டணம் வாங்கிய அந்தக் குடும்பம் தன் முறையைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டது.

அந்த ரகசியம் அமெரிக்காவின் வரலாற்றைத் திருப்பிவிட்டது. 1815இல் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து தாமஸ் ஹாப்கின்ஸ் கலாடெட் என்னும் இளம் போதகர் கற்பிக்கும் முறையைக் கற்றுவரப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற காது கேளாத சிறுமியின் தந்தையும் நண்பர்களும் செலவை ஏற்றிருந்தார்கள். பிரெய்ட்வுட் குடும்பத்தார் விதித்த நிபந்தனைகள் அவருக்கு ஒத்துவரவில்லை. லண்டனில் பாரிசுப் பள்ளியின் தலைவர் சிக்காரையும் அவருடன் வந்திருந்த மாசியூ, கிளெர் ஆகியோரையும் கண்டு பாரிசுக்குப் போனார். 1816இல் அமெரிக்காவுக்குத் திரும்பும்போது லோரன் கிளெரையும் உடன் அழைத்துவந்தார். கப்பலில் கலாடெட் கிளெருக்கு ஆங்கிலமும், கிளெர் கலாடெட்டுக்குச் சைகை மொழியும் கற்பித்தார்கள். 1817 ஏப்ரல் 15இல் ஹார்ட்ஃபர்டு நகரில் அவர்களது பள்ளி திறந்தது.

அப்பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் சிலர் மாசசூசெட்சைச் சேர்ந்த மார்த்தாஸ் வின்யார்டு தீவினர். மரபுவழியில் காது கேளாமை மிகுந்திருந்த தீவு அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறத்தாழ 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவராகப் பிறந்தார். மீனவர், விவசாயி, கடைக்காரர் என்று கேட்கும் திறனுள்ளவர்களும் கையால் பேசப் பழகியிருந்தார்கள். அந்தத் தீவின் முதியவர்களைப் பிற்காலத்தில் சந்தித்து நோரா எலன் குரோஸ் எழுதிய ஆய்வு 1985இல் நூலாக வந்தது. இன்னார் காது கேளாதவர் என்பதைக்கூட நினைவுபடுத்திச் சொல்லவேண்டிய ஒன்றாக அவர்கள் கருதவில்லை என்பது அதில் தெரிகிறது. கிளெர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று. 1864இல் குடியரசுத் தலைவர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் வாஷிங்டனில் காது கேளாதோருக்குப் பட்டம் வழங்கும் கல்லூரியும் அமைந்தது. அதன் முதல் தலைவர் கலாடெட்டின் மகன் எட்வர்ட் மைனர் கலாடெட். அவருடைய தாய் சோஃபியா காது கேளாதவர். 1870 வாக்கில் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தாங்களே காது கேளாதவர்களாக இருந்தார்கள்.

மிலானில் நடந்தது

1880இல் மிலானில் கூடிய 164 பேரில் 87 பேர் இத்தாலியர்கள், 56 பேர் பிரெஞ்சுக்காரர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஐவர். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டெனிசன் வாஷிங்டனில் ஒரு காது கேளாதோர் பள்ளியின் தலைவர். மாநாட்டில் காது கேளாதவர் அவர் மட்டுமே. மாநாட்டின் ஏற்பாடு பேச்சு முறையின் ஆதரவாளர்கள் கையில் இருந்தது. தலைமை தாங்கிய பாதிரியார் ஜூலியோ தார்ரா மிலானிலேயே பேச்சு முறைப் பள்ளி ஒன்றின் தலைவர். வந்தவர்களை உள்ளூர்ப் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்று மாணவர்கள் வாயால் பதில் சொல்வதைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். கேள்வி முடியும் முன்னரே சில பிள்ளைகள் பதிலைத் தொடங்கிவிட்டதாகவும், அவர்களில் எத்தனை பேர் பேசக் கற்ற பிறகு செவிப்புலனை இழந்தவர்கள் என்பது தெரிவிக்கப்படவில்லை என்றும் எதிர்த்தரப்பினர் பின்னர் குறைகூறினர்.

பேச்சு சைகையைவிட ஐயத்துக்கு இடமின்றி மேலானது என்ற முதல் தீர்மானத்துக்கு ஆதரவு 160, எதிர்ப்பு 4. பேச்சையும் சைகையையும் சேர்த்துப் பயன்படுத்துவது பேச்சுக்கும் கருத்தின் தெளிவுக்கும் கேடு, ஆகவே தூய பேச்சு முறையையே கொள்ளவேண்டும் என்ற இரண்டாவது தீர்மானத்துக்கு ஆதரவு 150, எதிர்ப்பு 16. எட்வர்ட் கலாடெட் இரண்டையும் இணைத்த முறைக்காக வாதாடித் தோற்றார்.

இதற்கான காரணங்களைக் கல்வியில் மட்டும் தேடினால் கிடைக்காது. இத்தாலி ஒரே நாடாகி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. வட்டார வழக்குகளுக்கு மேலாக ஒரே தேசிய மொழியை நிலைநாட்டுவது அப்போதைய அரசியல் தேவை. பிரான்சும் தன் பள்ளிகளிலிருந்து பிரெட்டன், ஆக்சிதன் போன்ற மொழிகளை விலக்கிக்கொண்டிருந்தது. கையால் பேசும் மக்களும் அதே கணக்கில் சேர்ந்தார்கள். டார்வினுக்குப் பிந்திய சிந்தனையில் சைகை என்பது மனிதன் பேச்சைப் பெறுவதற்கு முந்திய நிலையின் எச்சம் என்ற கருத்தும் பரவியிருந்தது. தார்ரா போன்றோருக்கோ பேச்சு இறைவன் தந்த கொடை. கைச்சாடை புலன்களைக் கிளறும் கீழான ஒன்று.

பெற்றோரின் ஆசையும் இதில் உண்டு, அதை எள்ளி நகையாட முடியாது. தன் குழந்தை 'அம்மா' என்று சொல்லிக் கேட்கவேண்டும் என்று நினைப்பது இயல்பானது. பேசத் தொடங்கிய பிறகு காது போனவர்களும், ஓரளவு கேட்கும் திறன் எஞ்சியிருந்தவர்களும் பேச்சு முறையால் உண்மையாகவே பயனடைந்தார்கள். அவர்களைக் காட்டி எல்லோருக்கும் அதையே விதித்ததுதான் மிலானின் பிழை.

வகுப்பறையில் விளைந்தது

தீர்மானத்துக்குப் பின் பிரான்சில் சைகையில் பயின்றுவந்த மூத்த மாணவர்களைப் புதியவர்களோடு பழகவிடாமல் பிரித்துவைத்தார்கள். காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பேச்சைக் கற்பிக்க அவர்களால் முடியாதல்லவா! அமெரிக்காவில் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் பேச்சு முறையின் தலைமைக் குரல் ஆனார். அவருடைய தாயும் மனைவி மேபலும் காது கேளாதவர்கள். 1883இல் அவர் எழுதிய ஆய்வுரையில், காது கேளாதோர் ஒன்றாக வாழ்ந்து தங்களுக்குள் மணந்துகொள்வதால் மனித இனத்தில் காது கேளாத தனிவகை தோன்றிவிடும் என்று எச்சரித்தார். விடுதிப் பள்ளிகள், சைகை மொழி, காது கேளாத ஆசிரியர்கள் ஆகிய மூன்றையும் அதற்குக் காரணங்களாகக் காட்டினார். முதல் உலகப் போர் முடியும் வேளையில் அமெரிக்க மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சைகையே இல்லாமல் கற்பிக்கப்பட்டார்கள். காது கேளாத ஆசிரியர்களின் பங்கு 15 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியது.

உதட்டைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'படம்', 'பணம்', 'மடம்', 'மணம்' ஆகிய நான்கு சொற்களையும் கண்ணாடி முன் ஒலியில்லாமல் சொன்னால் வேறுபாடு தெரியாது. ப, ம இரண்டும் உதடுகள் பொருந்திப் பிறப்பவை. ட, ண இரண்டுக்கும் நாக்கு தொடும் இடம் ஒன்றே. மூச்சு மூக்கு வழியாகப் போகிறதா வாய் வழியாகவா என்பது கண்ணுக்குப் புலப்படாது. கரம், ஙகரம் போன்றவை பின்வாயில் பிறப்பதால் உதட்டில் தடயமே இல்லை. மொழியை முன்பே அறிந்தவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். மொழியையே இந்த வழியில்தான் கற்கவேண்டும் என்று ஒரு குழந்தையிடம் சொல்லும்போது ஊகிக்க அதனிடம் எதுவும் இல்லை. ஓர் ஒலியை உண்டாக்கப் பழக வாரங்கள் ஆயின. ஆசிரியரின் தொண்டையில் கைவைத்து அதிர்வை உணர்வதும், தாளை முன்னால் பிடித்து ஊதிப் பார்ப்பதுமாகப் பள்ளி நேரம் போனது. கணக்கும் வரலாறும் காத்திருந்தன. கையால் பேசிய பிள்ளைகளைக் கைகளைக் கட்டியும், கைமேல் உட்காரவைத்தும், அடித்தும் தடுத்ததைப் பல நாடுகளின் முன்னாள் மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

பலன் பற்றிய ஐயம் விரைவிலேயே எழுந்தது. நுண்ணறிவுச் சோதனையை வகுத்த பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே, சிமோன் என்பவருடன் சேர்ந்து 1909இல் பேச்சு முறையில் படித்து வெளியேறியவர்களை ஆராய்ந்தார். வீட்டாரோடும் பழகியவரோடும் அவர்களால் சில சொற்கள் பேச முடிந்தது. அறிமுகமில்லாதவரிடம் உரையாடவோ, பேச்சைக் கொண்டு வேலை தேடவோ முடியவில்லை. ஆசிரியர்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1979இல் பிரிட்டனில் கான்ராட் வெளியிட்ட ஆய்வு பள்ளியை முடிக்கும் 15, 16 வயது காது கேளாத மாணவர்களின் வாசிப்புத் திறன் சராசரியாக 9 வயதுக் குழந்தையின் அளவில் நிற்பதைக் காட்டியது.

விடுதியில் பிழைத்த மொழி

சைகை மொழி அழியவில்லை. பகலில் வகுப்பில் தடுக்கப்பட்டது இரவில் விடுதியில் கைமாறியது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் வீட்டில் கற்ற மொழியோடு வந்தார்கள். மற்றவர்கள் அவர்களிடமிருந்து கற்றார்கள். அமெரிக்கக் காது கேளாதோரின் தேசியச் சங்கம் மிலானுக்குச் சில நாட்கள் முன்னர், 1880 ஆகஸ்டு மாத இறுதியில் சின்சினாட்டியில் தோன்றியிருந்தது. அதன் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ் அப்போது புதிதாக இருந்த திரைப்படக் கருவியைப் பயன்படுத்திச் சைகை மொழிப் பேச்சாளர்களைப் படமாக்கும் பணியைத் தொடங்கினார். 1913இல் அவரே தோன்றிப் பேசிய படம் இன்றும் இருக்கிறது. எழுத்தில்லாத மொழிக்கு அதைவிடச் சிறந்த ஏடு அப்போது கிடைத்திருக்காது.

கல்வியுலகில் மாற்றம் 1960இல் தொடங்கியது. கலாடெட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்த வில்லியம் ஸ்டோக்கி, மாணவர்களின் சைகைகளை மொழியியல் கண்ணோடு பார்த்தார். கையின் வடிவம், உடலில் அது நிற்கும் இடம், அசைவு ஆகிய மூன்றின் சேர்க்கையால் சொற்கள் அமைவதையும், ஒன்று மாறினால் பொருள் மாறுவதையும் எடுத்துக்காட்டினார். பேச்சு மொழிகளில் ஒலியன்கள் செய்யும் வேலை அது. உடன் பணிபுரிந்தவர்கள் பலர் நகைத்தார்கள். 1965இல் காது கேளாத இரு உடன்பணியாளர்களான டாரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் ஆகியோரோடு சேர்ந்து அவர் அகராதியையும் வெளியிட்டார்.

நிகராகுவாவில் நடந்தது இன்னும் வியப்பானது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் மனாகுவா நகரப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் ஒன்றுகூடினார்கள். ஆசிரியர்கள் உதட்டைப் படிக்கப் பழக்கினார்கள், அதிகம் பலிக்கவில்லை. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சாடைகளைக் கலந்து பேசினார்கள். பின்வந்த சிறுவர்கள் அதை இலக்கணமுள்ள முழு மொழியாக்கினார்கள். 1986 முதல் மொழியியலாளர்கள் அங்கே சென்று ஒரு மொழி பிறப்பதைப் பதிவு செய்தார்கள்.

1981இல் சுவீடன் நாடாளுமன்றம் சைகை மொழியைக் காது கேளாதோரின் மொழியாக ஏற்றது. 1988 மார்ச்சில் கலாடெட் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு காது கேளாத வேட்பாளர்களை விடுத்துக் கேட்கும் திறனுள்ள எலிசபெத் சின்சரைத் தலைவராக்கியது. மாணவர்கள் வாயில்களை அடைத்துப் பல்கலைக்கழகத்தை ஒரு வாரம் முடக்கினார்கள். சின்சர் விலகினார். 124 ஆண்டுகளில் முதல் காது கேளாத தலைவராகக் கிங் ஜோர்டன் பொறுப்பேற்றார். 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை சைகை மொழியையும் மொழி என்றே வரையறுத்து, பள்ளிகளில் அதைக் கற்க வழிசெய்வதை அரசுகளின் கடமையாக்கியது. மிலான் வரிசையில் வந்த அனைத்துலக மாநாடு 2010 ஜூலையில் வான்கூவரில் கூடியபோது, 1880 தீர்மானங்களை நிராகரித்து அவற்றின் தீய விளைவுகளுக்கு வருத்தம் தெரிவித்தது.

இந்தியாவில்

இந்தியாவின் தொடக்க காலக் காது கேளாதோர் பள்ளிகள் 1880களில் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையிலும் தோன்றின. பாளையங்கோட்டைப் பள்ளியைத் தொடங்கியவர் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்னும் ஆங்கில மிஷனரிப் பெண்மணி. பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அதே ஊரில் பார்வையற்றோருக்கான பள்ளியும் தொடங்கியிருந்தது. இந்தியாவில் காது கேளாதோர் கல்வி பிறந்த வேளை மிலான் தீர்மானம் கொடிகட்டிப் பறந்த வேளை. ஐரோப்பாவிலாவது சைகை வழிக் கல்வியின் நூறாண்டு மரபு அழிக்கப்பட்டது. இங்கே அப்படி ஒரு மரபு தோன்றும் முன்னரே பேச்சு முறை பெரும்பாலான பள்ளிகளின் நெறியாகிவிட்டது. பயிற்சி நிறுவனங்களும் சிறப்பாசிரியர்களை அதற்கே தயார் செய்தன.

இங்கும் மொழி விடுதிகளிலும் சங்கங்களிலும் வளர்ந்தது. 1970களில் காது கேளாத இந்தியரான மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு முதலானோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் வழங்கிய சைகைகளை ஒப்பிட்டார்கள். ஊருக்கு ஊர் சொற்கள் மாறினாலும் நான்கில் மூன்று பங்கு உறவுடையவை, இலக்கணமும் ஒன்றே என்று கண்டார்கள். சுற்றிலும் தமிழும் வங்காளியும் மராத்தியும் பேசப்பட, நாடெங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சைகை மொழி வழங்கியது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் காது கேளாத மாணவருக்குப் பாடத்திட்டத்தில் ஒரே மொழியை மட்டும் படிக்கும் சலுகையைத் தந்தது. சைகை மொழியைக் கல்விக்குரிய ஊடகமாகக் காணவில்லை. 2007இல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா உறுதிசெய்த பிறகே நிலை மாறத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைபாடுடையவர்களாகப் பதிவானோர் சுமார் 50 லட்சம் பேர். 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைந்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறையாக ஏற்று, அதில் தகுதிபெற்ற ஆசிரியர்களை நியமிப்பதைக் கல்வித் துறையின் கடமைகளுள் ஒன்றாக்கியது. டெல்லி மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 ஆக வளர்ந்தது.

இன்று விவாதத்தின் களம் மாறியிருக்கிறது. காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் உள்காதுக் கருவி, சிறு வயதிலேயே பொருத்தினால் பல குழந்தைகளுக்குப் பேச்சைக் கேட்கும் வாய்ப்பைத் தருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைக் குழந்தைகளுக்கும் அது கிடைக்கிறது; பெரிய உதவிதான். ஆனால் கருவி எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. தொடர்ந்த பயிற்சியும், பழுது பார்க்கும் செலவும், பெற்றோரின் நேரமும் தேவைப்படுகின்றன. அறுவைக்குப் பின் குழந்தைக்குச் சைகை காட்டினால் பேச்சு வராது என்ற அச்சம் பெற்றோரிடையே இன்றும் இருக்கிறது. மிலானின் இரண்டாவது தீர்மானம் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. சைகை மொழியை முதலில் அடைந்த குழந்தைகள் அதன்மேல் பேச்சையும் எழுத்தையும் கட்டிக்கொள்ள முடிகிறது என்பதைக் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டியிருந்தாலும் அந்த அச்சம் எளிதில் விலகவில்லை.

பள்ளிகளின் உடனடிச் சிக்கல் ஆசிரியர்கள். சட்டம் கேட்கும் அளவுக்குச் சைகை மொழி அறிந்த ஆசிரியர்கள் இல்லை. இருக்கும் சிறப்பாசிரியர்களில் பலர் பேச்சு முறையில் பயின்றவர்கள். டெல்லி மையம் நடத்தும் பட்டயப் படிப்புகளில் ஒன்று மொழிபெயர்ப்பாளர்களுக்கானது. மற்றொன்று சைகை மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கானது. அதில் சேரக் காது கேளாதவராக இருக்கவேண்டும் என்பது தகுதி.